ரொட்டிக்காரரின் மழைக்கோட்டு

மழைக்கோட்டுக் கடைக்கு ரொட்டிக்காரரின் மனைவி வந்தால் கடைக்காரருக்குப் பாதி உயிர் போய்விடும். மற்றவர்கள் வந்தால் கோட்டை உடம்பில் வைத்துப் பார்ப்பார்கள், நிறம் கேட்பார்கள், விலையைக் கேட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் கோட்டைக் கையில் வாங்கின உடனே குடலை உருவுவது மாதிரி உள்பக்கத்தை வெளியே புரட்டிவிடுவாள். பிறகு தையலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். கடைக்காரர் சொல்கிற எதுவும் அந்த நேரத்தில் அவள் காதில் ஏறாது.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து தார்ப்பாய் தைக்கிற பட்டறையில் மிஷினில் உட்கார்ந்திருப்பவள். லாரிக்கு மூடுகிற பாய், கடை வாசலில் இழுத்துக் கட்டுகிற துணி, காருக்கு உறை, என்று அவள் கை படாத மழைத்துணி அந்த வட்டாரத்தில் குறைவு. தண்ணீரைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். துணி வழியாகத் தண்ணீர் வராது, தையல் வழியாகத்தான் வரும். ஊசி இறங்கின இடமெல்லாம் ஓட்டை. அதன் மேல் பட்டை வைத்துச் சூடு காட்டி ஒட்டினால்தான் அது மழைத்துணி, இல்லையென்றால் சல்லடை. பட்டறை முதலாளியே பெரிய ஆர்டர் வந்தால் அவளைக் கூப்பிட்டு, “நீ ஒரு தடவை பார்த்துடும்மா” என்பார்.

அந்த வருஷம் மழை ஆரம்பித்த வாரத்தில் அவள் கடைக்கு வந்தது புருஷனுக்குக் கோட்டு எடுக்க. புருஷன் ரொட்டிக்காரர். பேக்கரியிலிருந்து விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி, டீக்கடை, விடுதி, மளிகைக் கடை என்று இறக்கிக்கொண்டே போய் மத்தியானம் வீடு திரும்புகிறவர். ரொட்டித் தொழிலில் ஒரு முறை உண்டு. மழை வந்தால் முதலில் ரொட்டிக்குப் போர்வை, மிச்சம் இருந்தால் மனுஷனுக்கு. நனைந்த மனுஷனை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், நனைந்த ரொட்டியை அனுப்பிவிடுவார்கள். பெட்டிக்கு மேல் போடுகிற உறையை அவளே தைத்துக் கொடுத்திருந்தாள். இதுநாள்வரை ஒரு ரொட்டி நனைந்ததில்லை. அந்த உறைக்குள் அவர் உட்கார்ந்து போக முடியாதது ஒன்றுதான் குறை. அவருடைய பழைய கோட்டு பூச்சு உரிந்து, கொடியில் போட்டால் தோல் தோலாக உதிர்ந்தது.

“இதைப் பாருங்கக்கா. கழுத்துலேருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துண்டு” என்றார் கடைக்காரர்.

“கணுக்கால் வரைக்கும் வந்தா சக்கரத்துல மாட்டும். அவரு ரொட்டி போடப் போகணுமா, ரோட்டுல உருளணுமா? கோட்டும் பேன்ட்டும் தனித்தனியா இருக்கறதை எடுங்க.”

“என்ன கலர்ல எடுக்கட்டும்?”

“கலர் கிடக்கட்டும். முதல்ல கவட்டுத் தையலைக் காட்டுங்க.”

கடைக்காரர் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் கூரையைப் பார்த்தார்.

“என்ன வெட்கம்? வண்டியில உட்கார்ந்தா தண்ணி எங்க போய்த் தேங்கும்? மடியிலதானே? அங்க பட்டை ஒட்டலைன்னா மீதி எங்க ஒட்டி என்ன பிரயோஜனம்?”

ஐந்தாறு கோட்டுகளைப் புரட்டிப் போட்டபின் ஒன்று தேறியது. கனமான ரப்பர் பூச்சு, உள்ளே வலைத்துணி, ஜிப்புக்கு மேல் மடிப்பு, மணிக்கட்டில் எலாஸ்டிக். நிறத்தில்தான் தகராறு. அவர் கருநீலம் கேட்டார்.

“இருட்டுல போற ஆளுக்குக் கருநீலமா? லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிய வேணாம்? மஞ்சள்ல குடுங்க. முதுகுல ரேடியம் பட்டை இருக்கறதா.”

“மஞ்சள்ல போனா டீக்கடையில என் மானம் போயிடும்டி.”

“மானம் போனா நான் வாங்கித் தர்றேன். உசுரு போனா எங்க போய் வாங்க?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். ரொட்டிக்காரர் நல்ல அகலமான ஆள். டபுள் எக்ஸ்எல் போட்டும் வயிற்றுப் பக்கம் ஜிப்பை மூச்சைப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. “பரவால்ல, வயிறு உள்ள போயிடுச்சு” என்று அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, “பெரிய எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கேன்” என்றார். அன்றைக்கு இருவரும் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினார்கள்.

மழை அந்த வருஷம் ஒரு முடிவோடு வந்திருந்தது. காலையில் தூறலாகத் தொடங்கி, ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துக் கொட்டும். பட்டறையில் வேலை குவிந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் மிஷின் சத்தமே கேட்காது. பெண்கள் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள்.

புதுக்கோட்டுப் போட்டுக்கொண்டு போன மூன்றாம் நாளே ரொட்டிக்காரர் தெப்பமாக வந்து நின்றார். கோட்டைக் கழற்றினால் உள்ளே சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவள் முற்றத்தில் அதைப் பிழிந்தாள். தண்ணீர் கோடாக இறங்கியது.

“தோள் தையலா இருக்கும்” என்றாள்.

“இருக்கும்” என்றார் அவர்.

கோட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போய்த் தோள் தையலுக்கு மேல் இன்னொரு பட்டை வைத்துச் சூடு காட்டி ஒட்டினாள். மறுநாளும் நனைந்தார். கைக்குழித் தையல். அதையும் ஒட்டினாள். அதற்கு மறுநாளும் நனைந்தார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புருஷன் மேல் இல்லை, அந்தக் கோட்டைத் தைத்த முகம் தெரியாத ஆள் மேல். அக்குளில் சின்னச் சின்னக் கண்களும், முதுகில் ஒரு மடிப்புக்கு அடியில் நீளமான திறப்பும் இருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

“இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் போனீங்க? வீட்டைப் பூட்டிட்டு ஜன்னலைத் திறந்து வெச்ச கதையா இருக்கே.”

“அது காத்துப் போறதுக்குடி. உள்ள புழுங்காம இருக்க.”

“காத்து வர்ற வழியில தண்ணி வராதா? தண்ணிக்கு என்ன, வழி கேட்டுட்டா வரும்?”

அவள் அக்குள் கண்களையும் முதுகுத் திறப்பையும் துண்டு வைத்து அடைத்து, ஓரம் விடாமல் ஒட்டினாள். பக்கத்து மிஷின் அக்கா அதை வாங்கிப் பார்த்து, “இதுக்குள்ள மீனை விட்டு வளர்க்கலாம்” என்றாள். அந்த வார்த்தையில் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இப்போது அதை நினைத்தால் எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல வரும். ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

அப்படியும் வாரக்கணக்கில் அவர் நனைந்துகொண்டேதான் வந்தார். அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. வண்டியில் வேகம் எடுத்தால் கோட்டு காற்றில் உப்பிக்கொண்டது. “அப்பா வண்டியில வர்றாரா, பறந்து வர்றாரான்னே தெரியல” என்று மகள் சிரித்தாள். மகள் கல்லூரி முதல் வருஷம். வீட்டில் எதற்கும் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். மனைவி கோட்டை அவர் மேல் போட்டுப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் இரண்டு கை துணி தாராளமாகத் தொங்கியது.

“பாரு, ரப்பர் இளகி விரிஞ்சிடுச்சு. ஒரு மழைக்குத் தாங்கல. அளவுலேயும் ஏமாத்து.”

மறுபடியும் கடை. கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். தையலையெல்லாம் அவள் விளக்கி முடித்ததும், மஞ்சள் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒட்டினப்புறம் இதுல தண்ணி போக வழியே இல்ல. சிலருக்கு உள்ளேயே வேர்க்கும். அண்ணனுக்கு வேர்வையா இருக்கப்போவுது.”

“இந்தக் குளிர்லயா? நான் ரெண்டு போர்வை போட்டுப் படுக்கறேன், இவருக்கு வேர்க்குதா? சட்டையைப் பிழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வருதுய்யா. உங்க கோட்டு ஒழுகுதுன்னு ஒத்துக்க மனசில்லாம என் புருஷன் மேல பழியைப் போடறீங்களா?”

“இல்லக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“விடுப்பா” என்றார் ரொட்டிக்காரர், வழக்கத்துக்கு மாறாக அவசரமாக. “வேற கோட்டு காட்டு. அந்தா, அது என்ன விலை?”

தானாக ஒரு பொருளைக் காட்டி விலை கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அவள் கோபத்தில் இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது கோட்டு எக்ஸ்எல், சாம்பல் நிறம், முதுகில் ரேடியம் பட்டை. கனிந்த பழத்துக்கு உறை போட்டது மாதிரி பாந்தமாக இருந்தது. வண்டியில் உட்கார்ந்ததும் அவர், “இது நல்லா இருக்குடி” என்றார். வீடு வருகிறவரைக்கும் அவள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது கோட்டின் கதையும் முதல் கோட்டின் கதைதான். தையல் தையலாகப் பிரித்தாள், ஒட்டினாள், கழுத்துக்கு ஒரு பட்டி வைத்தாள், மணிக்கட்டுக்கு உள்ளே இன்னொரு எலாஸ்டிக் வைத்தாள். அவர் காலையில் போட்டுக்கொண்டு போவார், மத்தியானம் பிழிகிற மாதிரி வருவார். வந்ததும் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டில் பாதி அப்படியே இருக்கும்.

“என்னங்க, ருசியா இல்லையா?”

“டீக்கடையில பன்னு தின்னேன். வயிறு திம்முனு இருக்கு.”

“ரொட்டி விக்கிறவரு ரொட்டியைத் தின்னே வயித்தை ரொப்பினா முதலாளிக்கு என்ன மிஞ்சும்?”

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். பாதிச் சாப்பாட்டை மூடி வைப்பாள். இருமல் இருந்தது. அந்த மழைக்கு யாருக்குத்தான் இருமல் இல்லை, பட்டறையில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் தைத்தார்கள். நனைந்து நனைந்துதான் இருமல் என்று அவள் தீர்மானமாக நம்பினாள். நனைவதை நிறுத்திவிட்டால் இருமல் நிற்கும், சாப்பாடு இறங்கும், மனுஷன் பழையபடி ஆவார். எல்லாம் ஒரு நல்ல கோட்டில் இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் இரண்டாவது கோட்டும் உப்ப ஆரம்பித்தது. மூன்றாவது கோட்டுக்கு அவள் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கடை இருந்தது. அங்கே மீன்பிடிக்கப் போகிறவர்கள் போடுகிற மாதிரி ஒரு கோட்டு, தையலே இல்லாமல் ஓரங்களை உருக்கி ஒட்டியது. அதைக் கையில் எடுத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எல் அளவு அவருக்குச் சரியாக இருந்தது.

“பார்த்தீங்களா, இந்தக் கம்பெனிக்காரன் அளவுல ஏமாத்தல. எல்லுன்னு போட்டுட்டு எவ்வளவு தாராளமா விட்டிருக்கான்!”

“ஆமா” என்றார் அவர். கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவள் சோதனை வைத்தாள். கோட்டின் ஜிப்பை மூடி, அதன் மேல் பட்டையை அழுத்தி ஒட்டி, கழுத்தை இறுக்கிக் கட்டி, கைகளை முடிச்சுப் போட்டு, தலைகீழாகக் கொடிக் கம்பியில் கட்டி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கோட்டு பெருத்து, தலையில்லாத குண்டு மனுஷன் மாதிரி கம்பியை வளைத்துக்கொண்டு தொங்கியது. மகள் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தாள். இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். சமையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வந்து பார்த்தபோதும் தாள் காய்ந்தே இருந்தது.

“ஜெயிச்சுட்டேம்மா நீ!” என்று மகள் கத்தினாள். அவள் உள்ளே பார்த்து, “என்னங்க, ஒரு சொட்டு இல்லைங்க!” என்று கூப்பிட்டாள். ரொட்டிக்காரர் எழுந்து வரவில்லை. “சரிம்மா” என்ற குரல் மட்டும் வந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மழை வெறித்தது. மேகமெல்லாம் யாரோ வழித்துப் போட்ட மாதிரி போய், வானம் சுத்தமாகி, பளீரென்று வெயில். பட்டறையில் கதவையெல்லாம் திறந்து வைத்தார்கள். புதுக்கோட்டைச் சோதிக்க மழை இல்லாமல் போயிற்றே என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்து அவள் வீட்டில் இருந்தபோது அவர் வந்தார். வண்டியை நிறுத்தி, பெட்டியை இறக்காமலே உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கோட்டு பெட்டிக்குள் மடித்தபடி இருந்தது. அவருடைய சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்து, தொட்டால் சொட்டும் போல இருந்தது.

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“அந்தப் பக்கம் மழைடி” என்றார் அவர். “பாலத்தைத் தாண்டினதும் ஒரே கொட்டு. கோட்டை எடுத்துப் போடறதுக்குள்ள...”

அவள் வெளியே போனாள். வண்டிச் சக்கரத்தில் தூசி அப்பியிருந்தது. சீட்டு வெயிலில் கொதித்தது. ரொட்டிப் பெட்டியின் உறையைத் தடவினாள். உறை மேல் மாவுத் தூள் வெள்ளையாகப் படிந்து, அவள் விரல் போன இடம் கோடாகத் தெரிந்தது. திரும்பி உள்ளே வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“எப்பலேருந்துங்க?”

அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

“எப்பலேருந்துன்னு கேக்கறேன்.”

“மழைக்கு முன்னாடியிலேருந்தே லேசா இருந்துச்சு. வெயிலுக்குன்னு நினைச்சேன். அப்புறம் மழையிலேயும் வேர்த்துச்சு. ராத்திரியிலயும்தான். நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி சட்டையை மாத்திக்குவேன்.”

“அப்ப அந்தக் கோட்டெல்லாம்?”

“கோட்டுல ஒண்ணும் குறை இல்லடி. முதல் கோட்டே நல்ல கோட்டுதான்.”

அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

“நான் ஒவ்வொரு தையலா பிரிச்சு ஒட்டிக்கிட்டு இருந்தேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? காத்து வர்ற வழியைக்கூட அடைச்சேனே பாவி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும். போனா ஏதாவது சொல்லிடுவாங்க.” அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ அவ்வளவு உறுதியா சொன்னே, தோள் தையல்னு, கைக்குழின்னு. கேக்க நல்லா இருந்துச்சு. ஒட்டினா சரியாப் போற விஷயம்தான்னு நானும் நினைச்சுக்குவேன். காலையில கோட்டைப் போடும்போது, இன்னிக்கு நனைய மாட்டேன்னு நிஜமாவே தோணும்டி.”

அவள் புடவைத் தலைப்பால் அவர் கழுத்தையும் நெற்றியையும் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி அரும்பியது. இவ்வளவு நாளும் பிழிந்து பிழிந்து முற்றத்தில் விட்டது மழைத் தண்ணீர் இல்லை, இந்த மனுஷனைத்தான் என்று நினைத்தபோது அவளால் துடைப்பதை நிறுத்த முடியவில்லை. சட்டையைக் கழற்றினாள். விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. தினமும் பார்த்த உடம்புதான், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி இருந்தது.

“கிளம்புங்க” என்றாள்.

“நாளைக்குப் போவலாம். ரொட்டி மிச்சம் இருக்கு, பேக்கரியில திருப்பிக் குடுக்கணும்.”

“ரொட்டி காஞ்சு போவட்டும். கிளம்புங்க.”

ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தது. மழையில் நனைந்த ஊரே அங்கே வந்து இருமிக்கொண்டிருந்தது. டாக்டர் ஓர் இளவயதுப் பெண். அவரைப் படுக்கவைத்து நெஞ்சில், முதுகில், கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும் நிதானமாக அழுத்திப் பார்த்தாள். அக்குளில் ஓரிடத்தில் அவள் விரல் நின்று, திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. மனைவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையலில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட விரல் எப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு டாக்டர் அவரை எடை மிஷினில் ஏறச் சொல்லி, முள்ளைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

“இதுக்கு முன்னாடி எவ்வளவு எடை இருந்தீங்க?”

“பார்த்ததில்லைங்க” என்றார் ரொட்டிக்காரர்.

“குறைஞ்ச மாதிரி இருக்கா? சட்டை, பேன்ட் ஏதாவது லூசாச்சா?”

“பெருசா ஒண்ணும் இல்லைங்க. கொஞ்சம்...”

“ரெண்டு சைஸுங்க” என்றாள் மனைவி.

டாக்டர் நிமிர்ந்தாள். “எதுலம்மா?”

“மழைக்கோட்டுல. மழை ஆரம்பிச்சப்ப டபுள் எக்ஸ் போட்டாரு, ஜிப்பு ஏறல. நடுவுல எக்ஸ்எல் எடுத்தோம். நேத்து எல் எடுத்தோம், அதுவே தாராளமா இருந்துச்சு.”

டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

“கம்பெனிக்காரன் அளவுல ஏமாத்தறான்னு நினைச்சேன் டாக்டர்” என்றாள் அவள். அவர் அவள் கையைப் பிடித்தார். அவருடைய கை நனைந்திருந்தது. “ஒவ்வொண்ணையும் நான்தான் அளவு பார்த்து எடுத்தேன்.”